முதலில் வருவதையே பிடிக்கவும்

நான் வேலை பார்த்த தென்காசி லேபுக்கு இந்த வருஷம் புதுக் கட்டடம் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் சாதனைகளை எழுதித் தர வேண்டும் என்று இப்போது லேபுக்குப் பொறுப்பாக இருக்கும் செல்வி போனில் கேட்டாள். முப்பது வருஷம் ஊராருடைய மூத்திரத்தைக் கையில் வாங்கி வைத்தவனிடம் சாதனை கேட்டால் நான் எங்கே போவேன்? நம்ம லேபுக்குப் பெருமையாக இருக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் சார் என்று அவளே வழி சொன்னாள்.

புதுக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். வாசலில் ஆள் உயரப் பலகை. 'ஒரு சொட்டில் புற்றுநோயைக் கண்டறியலாம்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் இளைஞர் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். குழாய்க்குள் நீல நிறத்தில் ஏதோ இருக்கிறது. என் சர்வீஸில் அந்த நிறத்தில் யாரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை. அந்தச் சொட்டை எப்படி வாங்க வேண்டும், வாங்கும்போது எப்படிக் கோட்டை விடலாம் என்பது பற்றிப் பலகையில் ஒரு வரிகூட இல்லை. சரி, என் சாதனையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படித்தது திருநெல்வேலியில். விரலில் குத்தப் பழக ஒரு வருஷம், நரம்பைத் தேடப் பழக ஒரு வருஷம், நோயாளி மயங்கி விழும்போது பிடிக்கப் பழக ஒரு வருஷம். அங்கே எனக்கு உருப்படியாக வந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "மொத கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வாறத மட்டும் புடிங்க." சிறுநீரில் முதலில் வருவது வழியில் கிடக்கும் கிருமியை எல்லாம் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. டப்பாவை நீட்டும்போதே வாய் தானாகச் சொல்லும். கல்யாணப் பந்தியில் பாயசவாளியோடு வருகிறவனைப் பார்த்தும் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம் இருந்தது.

எங்களுக்கு மேலே டாக்டர் பகவதியம்மாள். செங்கோட்டைக்காரர், நோய்க்குறியியல் படித்தவர். பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். காலையில் வந்ததும் மைக்ராஸ்கோப்பின் கண்வில்லைகளை மெல்லிய தாளால் துடைப்பார். இடதுக்கு ஒரு தாள், வலதுக்கு ஒரு தாள். துடைத்த தாளை நாலாக மடித்துக் கூடையில் போடுவார். அது முடிகிற வரைக்கும் லேப் தீப்பற்றி எரிந்தாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் நீட்டி முழக்கிக்கொண்டே போனால் 'மதி' என்பார். போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேசின ஆள் எங்கள் லேபில் இருந்தது கிடையாது. தப்பு செய்தவர் யாரோ, அவரே நோயாளியின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். போனில் சொன்னால் செல்லாது. இதனாலேயே எங்கள் லேபில் தப்புகள் குறைவு. பஸ்ஸில் போக வேண்டுமே.

ஒருநாள் டீ நேரத்தில் புதிதாக ஒரு பரிசோதனை வரப்போகிறது என்றார். அதுவரை நாங்கள் படித்தது, டி.என்.ஏ.வில் இருந்து ஆர்.என்.ஏ. வரும், ஆர்.என்.ஏ. புரதம் செய்யும், அவ்வளவுதான். புரதமே செய்யாத ஆர்.என்.ஏ.க்களும் உண்டாம். நீளம் நீளமாக, ஒரு வேலையும் பார்க்காமல் செல்லுக்குள் உட்கார்ந்திருக்குமாம். குப்பை என்று பெரிய பெரிய ஆட்களே ஒதுக்கி வைத்திருந்தார்களாம். பிறகு பார்த்தால் எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதில் அவற்றுக்கும் கை இருக்கிறதாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒரு பைலைக்கூடத் தொட மாட்டார். ஆனால் எந்த பைல் நகர வேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கும். தமிழில் இதற்கு 'நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.' என்று பேர் வைத்திருக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் அது அழிந்துவிடும், அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான்.

இதில் பி.சி.ஏ.3 என்று ஒன்று. ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் புற்று வந்தால் அந்தச் செல்கள் இதை அள்ளி அள்ளிச் செய்யும். சிறுநீர் டாக்டர் பின்வழியே விரலை விட்டு அந்தச் சுரப்பியை இரண்டு பக்கமும் நன்றாக அழுத்துவார். செல்கள் உதிர்ந்து சிறுநீர்ப் பாதையில் விழும். உடனே போகிற சிறுநீரின் முதல் ஓட்டம் அவற்றை அடித்துக்கொண்டு வரும். அந்த முதல் ஓட்டத்தைப் பிடித்து, மருந்து நீர் உள்ள குழாயில் ஊற்றி, ஐந்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். புரோஸ்டேட் செல் உண்மையிலேயே மாதிரியில் வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஆர்.என்.ஏ.வையும் சாட்சியாக அளப்பார்கள்.

முதல் மாதிரி சென்னைக்குப் போகவில்லை, பாவூர்சத்திரத்துக்குப் போனது. கூரியர் வண்டி என்று நினைத்து எங்கள் ஆள் காய்கறி டெம்போவில் பெட்டியை ஏற்றிவிட்டார். டெம்போ டிரைவர் மீன் என்று நினைத்து, கத்தரிக்காயில் வாடை ஏறக் கூடாதே என்று பெட்டியை மார்க்கெட்டில் வெயிலில் இறக்கி வைத்துவிட்டார். அவரவர் வேலையை அவரவர் பொறுப்பாகத்தான் செய்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா ஒரு அட்டையில் ஏழு வரி எழுதி என்னிடம் கொடுத்தார். குண்டு குண்டான கையெழுத்து. மூன்றாவது வரியின் கீழ் மட்டும் இரண்டு கோடு. 'முதலில் வருவதையே பிடிக்கவும்.' ஒவ்வொரு நோயாளிக்கும் இதைப் பார்த்துப் படிக்க வேண்டும், மனப்பாடமாகச் சொல்லக் கூடாது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவன் ஒன்றாம் கிளாஸ் பையன் மாதிரி அட்டையைப் பார்த்து வாசிப்பதா?

"எனக்குத் தெரியாததா மேடம்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும். உங்க நாக்குக்குத் தெரியாது" என்றார்.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி ஆய்க்குடி சங்கரபாண்டியன் அண்ணாச்சி. போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்று மழை வரும் என்று சொன்னாலும் அதற்கு யார் சாட்சி என்று கேட்பார். புரோஸ்டேட்டுக்காகச் செய்கிற பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனையில் அவருக்கு அளவு ஏறிக்கொண்டே போனது. ஒரு தடவை ஊசியால் சுரப்பியில் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை என்று வந்தது. ஆனால் அந்த ஊசியோடு கிருமி ஏறி, பத்து நாள் குளிர்காய்ச்சலில் கட்டிலோடு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. இனி உயிரே போனாலும் ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார். அளவோ நிற்கிற மாதிரி இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் எங்களிடம் வந்துபோகிற சிறுநீர் டாக்டர் புதுப் பரிசோதனையைச் சொன்னார். இதில் குறைவாக வந்தால் ஊசியைத் தள்ளிப்போடலாம், கூடுதலாக வந்தால் குத்தியே ஆக வேண்டும். அண்ணாச்சியின் உயிர் அந்த ஒரு டப்பாவில் இருந்தது. அதைக் கையில் கொடுக்கிற வேலை எனக்கு.

டாக்டர் அழுத்தி முடித்ததும் அண்ணாச்சி அறையை விட்டு வெளியே வந்தார். நூறு பேரை ஸ்டேஷனில் உட்காரவைத்த மனுஷன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இந்த நேரத்தில் அட்டையை எடுத்து ஏழு வரியை வாசித்து அவரை இன்னும் நிற்கவைப்பானேன் என்று தோன்றியது. சட்டென்று டப்பாவைக் கொடுத்து, கழிவறையைக் காட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று அப்போது எனக்கே கேட்கவில்லை. அன்றாடம் சொல்கிறதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. 'குறைவு.' மறுநாளே அண்ணாச்சி ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழத்தோடு வந்துவிட்டார். குற்றாலத்தில் சீசன் தொடங்கிய நேரம். பண்பொழி மலைக்குக் குடும்பத்தோடு போய் மொட்டை போடுவதாக அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, நேர்ந்திருந்தாராம், வேனுக்குச் சொல்லியாகிவிட்டதாம். அவ்வளவு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. பழத்தை என் கையில் திணித்துவிட்டு, என்னை மாதிரியே குரலை மாற்றிப் பேசிக் காட்டினார்.

"'மொத கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வாறத மட்டும் புடிங்க'ன்னு சொன்னீரு பாத்தீரா, அந்த நேரம் நல்ல நேரம்வே."

நானும் சிரித்தேன். பை கனத்தது.

அவர் போனதும் ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'குறைவு' பெரிய எழுத்தில் இருந்தது. கீழே, எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி. சாட்சி ஆர்.என்.ஏ. எல்லைக்கோட்டில் இருக்கிறது, மாதிரி எடுத்த முறையைச் சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தது. முக்கியமான விஷயத்தை எவ்வளவு சின்னதாக அச்சடிக்க முடியும் என்பதில் பெரிய லேப்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சிறுநீர் டாக்டர் அதைப் படிக்கவில்லை. டாக்டரம்மா அப்போது லீவில் இருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. படித்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் நான் எனக்காக வாதாடின மாதிரி எந்த வக்கீலும் வாதாடியிருக்க மாட்டான். குறைவு என்றுதானே வந்திருக்கிறது, அவருக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாமே, வேனுக்கு வேறு சொல்லிவிட்டார்களே, சந்தோஷமாக இருக்கிற மனுஷனைக் கலைப்பானேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். உள்ளே பயம்தான். வேறு ஒன்றும் இல்லை. வீட்டில் மங்குஸ்தான் தீர்ந்துகொண்டே வந்தது. என் மனைவி நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள். நான் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கண்வில்லைகளைத் துடைத்து, தாளை நாலாக மடித்துக் கூடையில் போடுகிற வரைக்கும் காத்திருந்து சொன்னேன். பழக்கதோஷம், வேலை நெருக்கடி, அண்ணாச்சியின் கூச்சம் என்று காரணங்களை அடுக்க ஆரம்பித்தேன். மதி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நான் பேசி ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டு எங்க?"

சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். சட்டையோடு ஒரு தடவை துவைக்கப்பட்டு, ஏழு வரியும் நீலமாகக் கலங்கிப் போயிருந்தது. இரண்டு கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆய்க்குடிக்கு அடுத்த பஸ் எப்ப?" என்றார்.

நான் போனபோது அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று, வேனில் யார் யார் எந்த சீட் என்று போனில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். காபி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை காரணம் எதுவும் சேர்க்கவில்லை. அவர் போனை அணைத்தார். விசாரணை ஆரம்பித்தது.

"நீரு வாயத் தொறக்காம இருந்திருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்குமாவே?"

"தெரிஞ்சிருக்காது அண்ணாச்சி."

"ஒம்ம டாக்டரம்மாவுக்கு?"

"தெரிஞ்சிருக்காது."

"பொறவு எதுக்குவே இங்கன வந்து நிக்கீரு?"

"நீங்க குடுத்த பழத்தத் திங்க முடியல அண்ணாச்சி."

அக்கா காபியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டுவிட்டது.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல, தானா வந்து குத்தத்த ஒத்துக்கிட்டவன் ஒருத்தன்கூடக் கெடையாதுவே" என்றார் அண்ணாச்சி. "வாறதுதான் வாறான், என் கேஸ்லதானா வரணும்?"

வேனை நிறுத்தச் சொன்னார். நான் காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் காபியைவிடப் பெரிய தண்டனையை அவர் எந்தக் கைதிக்கும் கொடுத்திருக்க மாட்டார்.

மறுபடியும் வந்தார். மறுபடியும் அந்த அறை, அந்த விரல், அந்தக் காலண்டர். எனக்கு டாக்டரம்மா புது அட்டை எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணாச்சியின் முன்னால் நின்று ஏழு வரியையும் ஒன்றாம் கிளாஸ் பையன் மாதிரி வாசித்தேன். மூன்றாவது வரியை அவர் திருப்பிச் சொல்லச் சொன்னார். திருப்பி வாசித்தேன். எழுதி வாங்கிக்கொள்ளாததுதான் பாக்கி. குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தும்போது கூட நின்று ஐந்தையும் எண்ணினார். ஐஸ் பெட்டி எந்த வண்டியில் ஏறுகிறது என்பதை நானே போய்ப் பார்த்தேன்.

இந்தத் தடவை சாட்சி நன்றாகவே பேசியது. ரிப்போர்ட் 'கூடுதல்'. அண்ணாச்சி ஊசிக்குச் சம்மதித்தார். முன்கூட்டியே மருந்து கொடுத்து, பார்த்துப் பார்த்துத் துண்டு எடுத்தார்கள். காய்ச்சல் வரவில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாடித் தகடாகப் பார்த்தார். பன்னிரண்டு துண்டில் இரண்டில் புற்று. சுரப்பியைத் தாண்டவில்லை, நேரம் இருக்கிறது என்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த நேரம் என்ன ஆகியிருக்கும் என்று அன்று நினைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். புற்று போய்விட்டது. கூடவே சிறுநீரை அடக்குகிற சக்தியும் போனது. பெரும்பாலும் மெள்ள மெள்ளத் திரும்பி வரும் என்றார்கள். அதுவரை குழந்தைக்குக் கட்டுவது போலக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஒருநாள் பார்க்கப் போனேன். அவர் யாரையும் பார்ப்பதில்லை, வாசலுக்கே வருவதில்லை என்று அக்கா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். உயிரைக் காப்பாற்றிய கூட்டத்தில் நானும் உண்டு என்று லேசாக மிதந்துகொண்டு போனவன், இறங்கி பஸ் ஏறினேன்.

இதை எல்லாம் எழுதப்போகிறேன் என்றதும் செல்விக்கு முகம் சுருங்கியிருக்கும், போனில் தெரியவில்லை. வேறு பேச்சுக்குத் தாவினாள். இப்போது ரத்தத்திலேயே இந்த ஆர்.என்.ஏ.க்களைத் தேடுகிறார்களாம். கண்டுபிடிப்பதோடு விடாமல், இவற்றையே குறிவைத்து வாயை அடைக்கிற மருந்துக்கும் ஆராய்ச்சி நடக்கிறதாம், இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லையாம். நேற்றுவரை குப்பை என்றார்கள், இன்று வலை போட்டுத் தேடுகிறார்கள். நல்லது, வரட்டும். வந்தாலும் யாரோ ஒருவர், கூச்சத்தில் காலண்டரைப் பார்க்கிற மனுஷனிடம் ஒரு டப்பாவைக் கொடுத்து ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டரம்மா எழுதிய புது அட்டையை நான் பிறகு பழைய கழிவறைக் கதவில் ஒட்டியிருந்தேன், அது எங்கே என்று கேட்டேன். பெயின்ட் அடிக்கும்போது எடுத்துவிட்டார்கள் என்றாள். மலரில் இந்தத் தலைப்பையாவது பெரிய எழுத்தில் போடு என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சியை மறுபடி பார்த்தது அடுத்த சீசனில். குற்றாலத்தில் விடியக்காலம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் ஆண்கள் பக்கம், உடம்பெல்லாம் எண்ணெயோடு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். ஆளே இளைத்திருந்தார். ஒதுங்கிப் போய்விடலாமா என்று பார்த்தேன். போலீஸ்காரர் கண்ணில் இருந்து தப்ப முடியவில்லை.

"என்னவே, பாக்காத மாதிரி போறீரு?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்காததையும் அவரே சொன்னார்.

"மொதல்ல வாறதும் தெரியல, நடுவுல வாறதும் தெரியல. அது பாட்டுக்கு வருது. ஒம்ம அட்டையில இதுக்கு என்னவே போட்டிருக்கு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அண்ணாச்சி என் தோளில் எண்ணெய்க் கையை வைத்தார்.

"தெனமும் இங்கன வந்துருதேன்வே. ஊர்ல எங்க போனாலும் வேட்டி நனைஞ்சிருக்கான்னு கீழயே பாத்துக்கிட்டு நடக்கணும். இங்க எல்லாவனும் நனைஞ்சுதான நிக்கான்."

சொல்லிவிட்டு அருவிக்குள் போனார். பின்னாலேயே நானும் போனேன்.